மாமாவின் பத்மினிக்கு இரட்டை நிறம்: நூல் பிடித்ததில் பட்ட பாடு

பெயின்ட் அடித்த முதல் சுற்று முற்றிலும் வீணானதற்கு நான் தேர்ந்தெடுத்த மாதமே காரணம். ஐப்பசிக் கடைசியில் மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்ததை நம்பி, திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில், மாமாவின் 1978 மாடல் பிரிமியர் பத்மினி காருக்குக் கூரை யானைத்தந்த நிறமும் உடல் கரும்பச்சையுமாக அடிக்கத் துணிந்தேன். டிங்கரிங், பட்டி, பிரைமர் ஆகியவை சிக்கலின்றி முடிந்திருந்தன.

கூரைக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்த பத்தாவது நிமிடத்தில் பளபளப்பு மங்கி, விபூதி பூசினாற்போல வெண்மை படர்ந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்கிறது; ஈரக்காற்றில் இருக்கும் நீர் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயாத பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்திருந்தால் ஓரளவு தப்பியிருக்கலாம். வாங்கும்போதே கேட்டேன், “எல்லாக் காலத்துக்கும் இதே தின்னர்தான் சார்” என்று கடைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, இருட்டியதும் டியூப்லைட்டைப் போட்டேன். சுற்றிலும் சம்பா நடவு முடிந்த வயல். விளக்கைக் கண்ட பச்சைத் தத்துப்பூச்சிகள் அரை மணி நேரத்துக்குள் கூரை முழுவதும் எள் தூவியதுபோல ஒட்டிக்கொண்டன. மறுநாள் எல்லாவற்றையும் பிரைமர் வரை தேய்த்து எடுத்தேன்.

தை பிறந்து வெயில் வந்த பிறகு, இம்முறை பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்டுடன் மீண்டும் இறங்கினேன். பி.யூ. பெயின்டை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில், மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை அல்ல. குறைந்தபட்சம் கரிமச் சேர்மங்களின் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடியாவது வேண்டும்; கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம்; பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விடக்கூடாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் உண்மையில் பாதுகாப்பானது என்பதைப் பின்னர்தான் படித்தேன். அடுத்த வயலில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டதால், தூசி அடங்குவதற்காக மேலும் ஒரு வாரம் காத்திருந்தது வேறு கதை. தந்த நிறம் ஒரு காலைப்பொழுதில் ஒழுங்காக அமைந்தது.

உண்மையான சோதனை கோடு போடும்போது தொடங்கியது. பத்மினியில் கூரையைத் தாங்கும் பின்தூண் இணைப்பு தெரியாமல் உடலோடு கலந்து இறங்குகிறது; நிறம் எங்கே முடிய வேண்டும் என்று வண்டியே சொல்வதில்லை. தெருக்கோடியில் இருக்கும் கொத்தனாரை அழைத்தேன். அவர் தண்ணீர் ஊற்றிய டியூப் மட்டத்தை இரு பக்கமும் பிடித்துப் பென்சிலால் குறித்து, “மட்டம் பொய் சொல்லாது, தம்பி” என்றார். மட்டம் பொய் சொல்லவில்லைதான். வண்டியோ மூன்று மாதமாக நின்றதில் இடப்பக்கப் பின் டயரில் காற்று இறங்கியிருந்தது. கொட்டகைத் தரையும் சற்றுச் சரிவு. பூமிக்குச் சமமாக இருந்த கோடு வண்டிக்குச் சமமாக இல்லை. டேப் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது, இடப்பக்கக் கோடு ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து, பின்கண்ணாடிக்குக் கீழே வண்டி ஒரு தோளைத் தூக்கிக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தது. அடிப்பதற்கு முன் கவனித்தது புண்ணியம். எனவே தரையிலிருந்து அளக்காதீர்கள்; கண்ணாடி ரப்பரின் விளிம்பிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவை எடுத்து, நூல் பிடித்துக் குறியுங்கள்.

டேப்பிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது. கோட்டின் விளிம்புக்கு மெல்லிய ஃபைன்லைன் டேப், அதன்மேல் சாதாரண மாஸ்க்கிங் டேப், பிறகு காகிதம் என்பதே முறை. நான் கூரைக்குப் பழைய நாளிதழை ஒற்றைத் தாளாக ஒட்டியிருந்தேன். பச்சையின் தின்னர் அதில் ஊறி, கூரையின் தந்த நிறத்தில் ஒரு திருமண வாழ்த்து விளம்பரத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல எழுத்துகள் திரும்பிய நிலையில் அச்சடித்துவிட்டது. ‘மணமக்கள்’ என்பதை நான் வலமிருந்து இடமாகப் படித்தேன். நல்லவேளையாக அது மேலோட்டமான கறைதான். ரப்பிங் காம்பவுண்டு போட்டு ஒரு மாலை முழுவதும் தேய்த்ததில் போய்விட்டது. அச்சில்லாத பழுப்புக் காகிதம் வாங்கியிருந்தால் தோள்வலியாவது இல்லாமல் போயிருக்கும்.

டேப் விளிம்பில் முதல் பூச்சை மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும். ஒரேயடியாக அடர்த்தியாக அடித்தால் பெயின்ட் டேப்புக்கு அடியில் ஊறிவிடும். கடைசிப் பூச்சு முழுவதும் இறுகுவதற்கு முன்பே, டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வலப்பக்கத்தில் அப்படியே செய்தேன். கோடு கத்தியால் வெட்டியதுபோல வந்தது. இடப்பக்கத்தை மறுநாள் வெயிலேறும் வரை விட்டுவிட்டதன் பலனாக, பின்தூணில் விரல்நகம் அளவுக்குப் பச்சை பெயர்ந்து டேப்போடு வந்தது. அந்த இடத்தைத் தொட்டு நிரப்பியிருக்கிறேன். குனிந்து பார்ப்பவருக்கு இன்றும் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆர்.சி. புத்தகம் நினைவுக்கு வந்தது. அதில் நிறம் ‘வெள்ளை’ என்று இருக்கிறது. போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். “அடிப்பதற்கு முன்பே எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும்” என்று எழுத்தர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் சொன்னது நியாயம். இவ்வளவு பழைய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு வண்டியின் நிறமும் புத்தகத்தின் நிறமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இப்போது விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பதில் வரும் வரை வண்டி கொட்டகையை விட்டு நகரக்கூடாது என்று மாமா சாவியைத் தம் மடியில் முடிந்துவைத்திருக்கிறார்.