அம்மாவோடு லிண்டிஸ்ஃபார்னுக்கு நடந்தோம்

லிண்டிஸ்ஃபார்னுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏறி இறங்கும் நேரத்தை. இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த்தம்பர்லாந்து கரையை ஒட்டிக் கிடக்கும் சின்னத் தீவு இது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் இதைக் கரையிலிருந்து பிரித்துவிடும். ஹோலி ஐலண்ட், அதாவது புனிதத் தீவு என்பதுதான் ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர். ஒரே ஒரு கிராமம், சுமார் நூற்றைம்பது பேர். கார் போகிற பாதை 1954-இல்தான் வந்தது, அதுவும் கடல் ஏறினால் மூழ்கிவிடும். அதற்கு முன்னால் யாத்ரீகர்கள் வந்ததெல்லாம் மணல் வழியாகத்தான். அந்த வழி இன்றும் இருக்கிறது, ஐந்து கிலோமீட்டர் சொச்சம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதைக் கேட்டதும், "அப்ப நாமளும் நடந்தே போவோம்டி" என்றாள். அறுபத்தாறு வயது, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. என் வீட்டுக்காரர் காரில் முன்னால் போய்த் தீவில் காத்திருப்பது, நாங்கள் இருவரும் நடப்பது என்று முடிவானது. கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். அது திரும்பும் நேரத்தில் மணலில் நிற்கக் கூடாது.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். வழிகாட்ட உயரமான மரக்கம்பங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் என் இடுப்புக்கு மேல் வரை பாசி. ஆறு மணி நேரம் கழித்து அங்கே தண்ணீர் நிற்கும் என்று நினைத்தபோது உள்ளங்கால் கூசியது. மணலெங்கும் புழுக்கள் தள்ளிவிட்ட சுருள்கள், இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி. சில இடங்களில் கணுக்கால் வரை சேறு. பாதி வழியில் நான்கு கால் வைத்த பரண் ஒன்று, ஏணியோடு நிற்கிறது. கடலிடம் மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்காக.

தூரத்து மணல்திட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா நின்றுவிட்டாள். "யாருடி அழுறாங்க?" சாம்பல் நிறக் கடல்நாய்கள்தான். கூட்டமாகப் படுத்து ஊளையிடும்போது ஒப்பாரி மாதிரியே இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டபோது எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது.

நடந்துகொண்டே, இந்தத் தீவில் மடம் நிறுவிய துறவி எய்டனின் கதையைச் சொன்னேன். 635-ஆம் ஆண்டு. நார்த்தம்பிரியாவின் அரசன் ஆஸ்வால்ட், தன் மக்களுக்கு இறைவார்த்தை சொல்ல ஒருவரை அனுப்பும்படி ஸ்காட்லாந்தை ஒட்டிய அயோனாத் தீவின் மடத்துக்கு ஆள் அனுப்பினான். முதலில் வந்த துறவி கண்டிப்பானவர். இந்த ஜனங்கள் திருந்தாதவர்கள் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். குழந்தைக்கு முதலில் பால்தானே கொடுக்க வேண்டும், எடுத்தவுடன் கடினமான உணவைக் கொடுக்கலாமா என்று அங்கே கேட்டவர் எய்டன். சரி, நீரே போம் என்று அவரையே ஆயராக்கி அனுப்பிவிட்டார்கள். வந்த எய்டனுக்கு இந்த ஊர் பாஷை சரியாக வராது. அரசனோ சிறுவயதில் நாடு இழந்து, எய்டனின் மொழியான ஐரிஷ் பேசும் மக்களிடையே வளர்ந்தவன். எய்டன் பிரசங்கம் செய்ய, ஆஸ்வால்டே பக்கத்தில் நின்று தன் படைத்தலைவர்களுக்கு மொழிபெயர்த்தான். நூறு ஆண்டு கழித்து பீட் என்ற துறவி இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். எய்டனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

"ராஜாவே மொழிபெயர்த்தாரா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

கரையேறியதும் அம்மாவின் கால்களைத் துண்டால் துடைத்துவிட்டேன். அப்போது கத்பெர்ட்டின் ஞாபகம் வந்தது. ஆடு மேய்த்த பையன், எய்டன் இறந்த பிறகு துறவியாகி, இந்த மடத்தின் தலைவராகி, பின்னாளில் ஆயரும் ஆனவர். ஒரு முறை இதே கரையில், சற்று வடக்கே, இரவு முழுவதும் கழுத்தளவு கடலில் நின்று செபித்தாராம். விடியலில் கரைக்கு வந்தபோது இரண்டு நீர்நாய்கள் அவர் பாதங்களை மூச்சால் சூடாக்கி, தங்கள் ரோமத்தால் துடைத்தன என்று பீட் எழுதுகிறார். சொன்னதும் அம்மா காலை இழுத்துக்கொண்டு, "போதும்டி" என்று சிரித்தாள்.

கிராமத்தை ஒட்டியே மடத்தின் இடிபாடுகள். இப்போது நிற்கும் செங்கல் நிறக் கற்சுவர்கள் கத்பெர்ட் காலத்தவை அல்ல, அவருக்கு நானூறு ஆண்டுகள் பின்னால் வந்த டர்ஹாம் நகரத்துத் துறவிகள் கட்டியவை. 1537-இல் அரசர் எட்டாம் ஹென்றி மூடவைத்தார். கூரை போய்விட்டது. ஆனாலும் நடுவில் ஒரே ஒரு வளைவு மட்டும் ஆகாயத்தில் தொங்குகிறது, அதை வானவில் வளைவு என்கிறார்கள். பழைய மடத்தை 793-இல் கடல்வழி வந்த வைக்கிங்குகள் கொள்ளையிட்டார்கள். கோடரி ஓங்கிய ஆட்கள் வரிசையாகச் செதுக்கிய ஒரு கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த உருவங்களைப் பார்க்கவே மனம் கனத்தது. கோட்டைக்கு நாங்கள் ஏறவில்லை. மடத்துக் கற்களைப் பெயர்த்துக் கட்டியது என்று தெரிந்தபின் அம்மாவுக்கு அங்கே போக மனமில்லை.

அப்புறம் புனித மரியா ஆலயம். உள்ளே நுழைந்ததும் ஆறு துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து எதிரே வருகிறார்கள். ஃபென்விக் லாசன் என்ற சிற்பி எல்ம் மரத்தில் ஆளுயரத்துக்குச் செதுக்கியது. மரத்தின் வெடிப்புகள் முகங்களில் ஓடுவதால் ஆறு பேருமே ரொம்ப தூரம் நடந்து களைத்தவர்கள் போலிருக்கிறார்கள். வைக்கிங் பயத்தில் 875-இல் தீவை விட்டுக் கிளம்பிய கூட்டம் அது. கத்பெர்ட்டின் உடலோடு ஆண்டுக்கணக்கில் அலைந்து, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் நூறு ஆண்டு தங்கி, கடைசியில் 995-இல் டர்ஹாமில் இறக்கி வைத்தார்கள். இன்றும் அங்கேதான் அவர் கல்லறை.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண்மணி ஒருவர் பக்கத்தில் வந்தார். "அந்தப் பெட்டியில அவர் மட்டுந்தான் இருந்தாரான்னு கேளுடி" என்றாள் அம்மா. கேட்டுச் சொன்னேன்: கத்பெர்ட்டின் உடலோடு எய்டனின் எலும்புகளையும் வைத்திருந்தார்கள். அப்புறம் போரில் வெட்டுண்ட ஆஸ்வால்டின் தலையையும்.

"அந்த மொழிபெயர்த்த ராஜாவோட தலையா?"

அதையும் அந்த அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியோடு ஒரு புத்தகமும் போனது. ஆயர் ஈட்ஃப்ரித் 700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கன்றுத்தோலில் லத்தீனில் எழுதி வரைந்த நான்கு நற்செய்திகள். அசல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இங்கே பலிபீடத்துக்கு முன்னால் விரித்த கம்பளம், அதன் ஒரு பக்கத்தின் கோலத்தைப் பார்த்துத் தீவுப் பெண்கள் செய்தது. 10-ஆம் நூற்றாண்டில், செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில், ஆல்ட்ரெட் என்ற குரு அந்த லத்தீன் வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில், வார்த்தைக்கு வார்த்தை, தன் தாய்மொழியான பழைய ஆங்கிலத்தை எழுதிச் சேர்த்தார். ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் நற்செய்தி மொழிபெயர்ப்புகளில் இதுவே மிகப் பழையது. நகலில் அந்தப் பொடி எழுத்துகளைப் பார்த்தேன். பெரிய எழுத்துகளின் தலைக்கு மேல் எறும்பு வரிசை போல ஊர்ந்து போகின்றன.

கத்பெர்ட் தனிமை தேடிப்போன குட்டித்திட்டு ஊருக்கு எதிரிலேயே இருக்கிறது. கடல் இறங்கினால் நடந்து போகலாம். நாங்கள் போனபோது தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது. திட்டின் மரச்சிலுவையைப் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்து, அம்மா செபமாலையை எடுத்துத் தமிழில் தொடங்கினாள். நான் பதில் சொன்னேன். செபமாலையின் மூன்றாம் பத்தைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் கார் சாவியோடு வந்து, "பாதை மூட நாற்பது நிமிஷம்தான் இருக்கு அத்தை" என்றார்.

மீதியை அம்மா காரில் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே, காலையில் நாங்கள் நடந்த மணலில், தண்ணீர் கம்பங்களைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தது.