பத்தாயிரம் பாட்டுக்கு எந்த பிளேயர்?

பெட்டியில் எத்தனை ஜிபி என்று போட்டிருப்பதைப் பார்த்து மியூசிக் பிளேயர் வாங்காதீர்கள். முதலில் உங்கள் சேகரிப்பை அளந்து பாருங்கள். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்பி. சிடியிலிருந்து ஃபிளாக்காக (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) எடுத்தால் அதே பாட்டுக்கு 30 எம்பி வரை ஆகும். 128 ஜிபி கார்டில் கணினி காட்டுவது 119 தான். எம்பி3 என்றால் பத்தாயிரம் பாட்டு, ஃபிளாக் என்றால் நாலாயிரம். காட்பாடியில் ஏறி தினமும் சென்னை போய்வருகிறவருக்கு ரயில் இரைச்சலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் கச்சேரி கேட்பவர் ஃபிளாக்கே வைத்துக்கொள்ளட்டும். ஆலாபனை முடிந்து கிருதி தொடங்குகிற இடத்தில் டிராக் மாறும்போது, பல பிளேயர்களில் எம்பி3 ஒரு நொடி விக்கும்.

இன்று போட்டி மூன்றுக்குள்தான்: பழைய ஐபாட், ஆண்ட்ராய்டு பிளேயர், கார்டு போடும் சிறிய பிளேயர்.

ஐபாட் கிளாசிக் தயாரிப்பு 2014இல் நின்றது. உள்ளே இருக்கும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அடாப்டரில் மெமரி கார்டு பொருத்தினால் புது உயிர் வரும். ஆனால் மாடலைப் பார்த்து வாங்குங்கள். 2007, 2008இல் வந்த 80, 120 ஜிபி கிளாசிக்குகளில் ஆப்பிளின் மென்பொருள் 128 ஜிபிக்கு மேல் ஏற்காது. 2009இல் வந்த 160 ஜிபி மாடலுக்கு இந்தத் தடை இல்லை. 2006இல் வந்த ஐபாட் வீடியோவுக்கும் இல்லை. ஆனால் அதில் 30 ஜிபி மாடலின் ரேம் 32 எம்பி, 80 ஜிபி மாடலுக்கு 64. பாட்டுப் பட்டியல் முழுவதும் ரேமில் ஏறவேண்டும் என்பதால், சிறிய ரேம் உள்ளது சுமார் இருபதாயிரம் பாட்டைத் தாண்டினால் தானாக அணைந்து அணைந்து மறுபடி தொடங்கும். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் இது மாறாது. ஐபாட் ஃபிளாக்கும் பாடாது. ஆப்பிளின் தரம் குறையாத வடிவமான ஏஎல்ஏசி ஆக மாற்றவேண்டும், இல்லையென்றால் ஆப்பிள் மென்பொருளுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவவேண்டும். கிளாசிக்கின் உலோக உடலைத் திறக்கும்போது ஓரம் வளையும். டிஸ்கின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் சின்னக் கறுப்புத் தாழ்ப்பாள் உடையும். செல்போன் சர்வீஸ் கடையில் கொடுப்பதானால் இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு பிளேயரில் ஸ்ட்ரீமிங்கும் வரும், தமிழ் எழுத்தும் ஒழுங்காகத் தெரியும். பேட்டரிதான் சீக்கிரம் கரையும், உடம்பும் சுடும். சிறிய பிளேயர் விலை குறைவு, சார்ஜ் நிற்கும். வாங்குமுன் இரண்டு கேள்வி: எத்தனை பாட்டு வரை பட்டியலிடும்? ‘கௌ’, ‘ஸ்ரீ’ உடையாமல் காட்டுகிறதா? இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் என் ஓட்டு இதற்கே.

பிளேயரைவிட அதிகம் படுத்துவது டேக், அதாவது பாட்டுக் கோப்புக்குள் எழுதியிருக்கும் பாடகர், ஆல்பம் முதலிய விவரம். ஒரே இசையமைப்பாளர் ‘இளையராஜா’, ‘இளயராஜா’, ‘இசைஞானி இளையராஜா’ என்று மூன்று பேராகப் பிரிந்து நிற்பார். சினிமாப் படத்தில் பாட்டுக்கு ஒரு பாடகர் என்பதால், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடம் காலியாக இருந்தால் ஒரு படமே ஐந்து ஆல்பமாகச் சிதறும். அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லாப் பாட்டுக்கும் போடுங்கள். எம்பி3டேக் மென்பொருளில் ஒரு மாலை வேலை. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த பழைய பெயர்களை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள், அதில் சரிவராததைத் திரும்ப அடியுங்கள்.

கார்டு வந்ததும் பாட்டு ஏற்றுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டு 512 ஜிபி என்று காட்டி, பாதிக்கு மேல் எழுதியதைத் தின்றுவிடும். ஏற்றும்போது பிளேயரின் கேபிளை விட்டுவிட்டு கார்டு ரீடரில் ஏற்றுங்கள். 500 ஜிபிக்கு நொடிக்கு 25 எம்பி வேகத்தில் ஐந்தரை மணி நேரம். 80 எம்பி என்றால் ஒன்றே முக்கால் மணி. பேட்டரி உள்ள லேப்டாப்பில் செய்யுங்கள்: நடுவில் கரண்ட் போனால் கார்டில் கோப்புகள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எக்ஸ்ஃபேட் அட்டவணை கெட்டு ஃபோல்டர்கள் காணாமல் போகும்.

கடைசியாக வெயில். வேலூர் மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும். கோட்டைக்கு வெளியே நிறுத்திய காருக்குள் அதற்கும் மேல். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. செய்தால் உப்பித் திரையைத் தள்ளும். பிளேயரைக் காரில் விட்டு இறங்காதீர்கள், சூடு ஆறியபிறகு இரவில் சார்ஜ் போடுங்கள்.