சுக்கானுக்குள் இருந்த ஈரம்

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலுள்ள பிளஃபர்ஸ் பூங்காவுக்கு வெளியே, ஒன்ராறியோ ஏரியில், கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் தொலைவில் எங்கள் பாய்ப்படகின் சுக்கான் முறிந்தது. தென்மேற்குக் காற்று மூன்று மணிக்குப் பிறகு வலுத்திருந்தது. படகு ஒரு பக்கம் நன்றாகச் சரிந்து, காற்று வரும் திசையை நோக்கித் தன் முன்புறத்தை, அதாவது அணியத்தை, திருப்பவே முயன்றுகொண்டிருந்தது. அதைத் தடுப்பதற்காகச் சுக்கான் தடியை இரண்டு கைகளாலும் என் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தேன். விறகை முழங்காலில் வைத்து முறிப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டது. கையிலிருந்த பாரம் முழுவதும் ஒரே கணத்தில் அற்றுப்போய், தடி இலேசாக ஆடியது.

பாயை இறக்கி, பின்புறத்துச் சிறிய மோட்டாரையே இடமும் வலமுமாகத் திருப்பித் திசை பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்ல ஊர்ந்து துறைக்குள் வந்து சேர்ந்தோம். உடன் வந்திருந்த தோழி பதற்றமில்லாமல் பாயைச் சுருட்டிக் கட்டியதை நான் என்றும் மறக்கமாட்டேன். அவர் ஒரு தாதி. அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்.

எங்களுடையது கற்றலீனா 22 வகைப் படகு. பிராங்க் பட்லர் வடிவமைத்த இவ்வகைப் படகுகள் 15,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. வட அமெரிக்காவின் ஏரிக்கரைகளில் எங்கு போனாலும் ஒன்றாவது கண்ணில் படும். நீளம் இருபத்தொன்றரை அடி. சுக்கான் படகின் அடியில் மறைந்திருப்பதில்லை; பின்சுவரில் வெளிப்படையாகத் தொங்குகிறது. படகில் பொருத்தப்பட்ட இரண்டு வளையங்களுக்குள் சுக்கானிலுள்ள இரண்டு முளைகள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வளையத்தைக் கட்ஜன் என்றும் முளையைப் பின்டில் என்றும் சொல்வார்கள். கதவும் கீலும் போலத்தான்.

அப்படி வெளியே தெரியும் பொருளாக இருந்தும், அது உள்ளே அழுகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அதைத் தேய்த்துப் புதிதாகத் தீந்தை பூசியிருக்கிறேன். வெள்ளையாக, வழுவழுப்பாக, பார்ப்பதற்கு நல்ல நிலையில்தான் இருந்தது. முறிந்த துண்டைக் கராச்சில் தலைகீழாகச் சாய்த்து வைத்தபோது, அதிலிருந்து மண்ணிறத் தண்ணீர் ஒன்பது நாட்கள் சொட்டியது. பைபர்கிளாஸ் தோலை உரித்துப் பார்த்தோம். கீழ் முளையின் போல்ற்றுகள் ஊடுருவிச் சென்ற இடத்தைச் சுற்றி, ஒரு கை அகலத்துக்கு மரம் கறுத்து, நகத்தால் கிள்ளினாலே பிய்ந்து வந்தது. சற்றுத் தள்ளி மரம் உறுதியாகவே இருந்தது. ஆகவே நீர் புகுந்த வழி எது என்பதில் ஐயமில்லை. போல்ற்றுக்காகத் துளையிட்டவர்கள் துளையின் உட்சுவரை அடைக்காமல் வெறும் மரமாகவே விட்டிருந்தார்கள். போல்ற் அசைய அசைய, ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் நீர் உள்ளே போயிருக்கிறது. குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து, மரத்தை இன்னும் பிளந்திருக்கிறது. இவ்வகைச் சுக்கான் உள்ள படகு வைத்திருக்கும் எவரிடமும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: தீந்தையைப் பார்க்காதீர்கள், ஒரு போல்ற்றைக் கழற்றித் துளைக்குள் பாருங்கள்.

இந்தப் படகுக்கு ஆயத்தச் சுக்கான்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவை நல்லவை, நேரமில்லாதவர்கள் வாங்குவதே சரி. நாங்கள் செய்ய முடிவெடுத்ததற்குக் காரணம், அலமாரி செய்யும் தொழிலகம் ஒன்றில் வேலை செய்யும், இலங்கையின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையைச் சேர்ந்த அண்ணர் ஒருவர். முறிந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நாங்களே செய்வம்" என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்ன பிறகு வாங்குவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

குளிர்காலம் முழுவதும் கணக்கிலும் வரைபடத்திலும் போயிற்று. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நண்பர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பழைய சுக்கான் பலகை கிட்டத்தட்டத் தட்டையானது, முனைகள் மட்டும் உருட்டப்பட்டிருந்தன. சுக்கானும் ஒரு சிறகுதான். இரு பக்கமும் சமமாக வளைந்த சிறகு. அதற்கு நாக்கா (NACA) 0012 எனும் பழைய, எளிய வடிவமே போதுமென்று அவர் சொன்னார். நாக்கா என்பது நாசா விண்வெளி நிறுவனமல்ல. அதற்கு முன்னோடியாக இருந்த வானூர்தி ஆய்வுக் குழு. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் தடிப்பைக் குறிக்கின்றன: பலகையின் அகலத்தில் 12 விழுக்காடு. பலகையின் அகலம் 30 சென்ரிமீற்றர் என்றால் மிகத் தடித்த இடம் 3.6 சென்ரிமீற்றர், அந்த இடம் முன்விளிம்பிலிருந்து 9 சென்ரிமீற்றர் தள்ளி அமையும். 18 மில்லிமீற்றர் கடற்தர ஒட்டுப்பலகை இரண்டை ஒட்டினால் சரியாக அந்தத் தடிப்பு வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு அவர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தபோது மணி பதினொன்று.

வடிவத்தை விடவும் முக்கியமான ஒரு மாற்றத்தையும் செய்தோம். பழைய பலகை முழுவதும் சுழலும் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், நீரின் அழுத்தம் முழுவதையும் கைதான் தாங்க வேண்டியிருந்தது. புதியதில் நீருக்கடியிலுள்ள பகுதியைச் சற்று முன்னே கொண்டுவந்து, பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பரப்பை அச்சுக்கு முன்னால் வைத்தோம். அந்தப் பகுதியில் படும் நீர் பின்பகுதியின் பாரத்தை ஓரளவு ஈடுசெய்யும். அளவு மீறினால் சுக்கான் தானாகவே ஒரு பக்கம் பாயத் தொடங்கும் என்பதால் நண்பர் அதற்கு மேல் சம்மதிக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் பழைய சுக்கானின் மேல் போட முடியாது. அந்தக் காற்றில் பெரிய பாயை நான் முன்கூட்டியே குறைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் அண்ணரின் கராச்சில் வேலை தொடங்கியது. எப்பொக்சி எனும் ஒட்டுப்பிசினைக் கலக்கும் பணியை தாதித் தோழி எடுத்துக்கொண்டார். ஐந்து பங்கு பிசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு. விரைவில் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டிவிட்டால் அது ஒருபோதும் சரியாக இறுகாது. ஊசியில்லாத சிரிஞ்சினால் அவர் ஒவ்வொரு முறையும் அளந்து, நேரத்தையும் வெப்பநிலையையும் ஒரு தாளில் குறித்துவைத்தார். கலந்ததை ஆழமான கிண்ணத்தில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால், அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பிப் பூசினோம்.

ஒட்டிய பலகைகளை அண்ணர் சீவிய விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒட்டுப்பலகையை வளைவாகச் சீவும்போது, அதன் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளித்தெரிந்து, இளம் நிறமும் கரு நிறமுமாக நீளக் கோடுகள் விழுகின்றன. நிலப்படத்தில் மலையைக் காட்டும் கோடுகள் போல. கோடு நேராகப் போனால் வளைவு சீராக இருக்கிறது. கோடு நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. அண்ணர் அளவுகோலை எடுக்கவே இல்லை. கண்ணைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, கோட்டைப் பார்த்து, நெளிந்த இடத்தில் இரண்டு இழுப்பு இழைப்புளியால் இழுத்து, மீண்டும் பார்ப்பார். கணித நண்பர் அட்டையில் வெட்டி வைத்திருந்த அச்சைப் பலகையின் மேல் கவிழ்த்தபோது, இடையில் ஒரு தாளை நுழைக்கவும் இடமிருக்கவில்லை.

பிசின் இறுகக் காத்திருந்த மாலைகளில் அண்ணர் தன் ஊரைப் பற்றிப் பேசினார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து மசாச்சுசெற்ஸின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்திப் போனவர்களில் அவ்வூர்க் கடலோடிகளும் இருந்தார்கள். சிறு வயதில் கேட்ட கதைகளை அவர் சொல்லும்போது, அவருடைய கை மேசையிலிருந்த பலகையைத் தடவிக்கொண்டே இருந்தது.

துளைகளில்தான் மிகுந்த நேரம் செலவிட்டோம். தேவையானதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் துளையிட்டு, அதைக் கெட்டியான எப்பொக்சியால் முழுவதும் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே போல்ற்றின் அளவுக்கு மீண்டும் துளையிட்டோம். இனி போல்ற் எவ்வளவு அசைந்தாலும் அது தொடுவது பிசினை மட்டுமே. மரத்துக்கு நீர் போக வழியில்லை. பிறகு இரண்டு அடுக்கு பைபர்கிளாஸ் துணி, மூன்று பூச்சு எப்பொக்சி, வெயில் எப்பொக்சியைக் கெடுத்துவிடும் என்பதால் அதன் மேல் வெள்ளைத் தீந்தை.

படகின் பின்சுவரிலிருந்த கீழ் வளையமும் வளைந்திருந்தது. அதை மாற்றுவதற்கு ஒருவர் பெட்டியறைக்குள் தோள் வரை நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத நட்டைக் கையால் தடவிப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து திருகினார். இரண்டு வளையங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒரு நேரான எஃகுக் கம்பியை இரண்டினூடாகவும் விட்டுப் பார்த்தோம். கீழ் முளையை மேல் முளையைவிட இரண்டு சென்ரிமீற்றர் நீளமாக வைத்தோம். நீரில் குனிந்தபடி சுக்கானை மாட்டும்போது, இரண்டையும் ஒரே நேரத்தில் தேட வேண்டியதில்லை, கீழுள்ளது முதலில் அகப்பட்டுவிடும்.

ஜூன் முதல் வாரத்தில் நால்வரும் சேர்ந்து வெளியே போனோம். அதே தென்மேற்குக் காற்று, ஆகஸ்டில் வீசிய அளவுக்கு இல்லாவிட்டாலும் போதுமான வேகத்தில் வீசியது. படகு சரிந்தபோது என் தோள்கள் தாமாகவே இறுகின, ஆனால் தடி என் கையை இழுக்கவில்லை. அணியம் காற்றை நோக்கித் திரும்ப விரும்புவதை உணர முடிந்தது. அதைத் தடுக்க இரண்டு விரல்கள் போதுமாயிருந்தன. கணித நண்பர் பின்சுவரில் எட்டிப் பார்த்து, சுக்கானின் பின்விளிம்பிலிருந்து நீர் நுரையில்லாமல் பிரிவதை எனக்குக் காட்டினார்.

நான் எழுந்து தடியை அண்ணரிடம் கொடுத்தேன். ஊரை விட்டு வந்த இத்தனை ஆண்டுகளில் அவர் பாய்ப்படகு ஓட்டியதில்லை. சற்று நேரம் கன்னத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சோளகம்" என்றார். தென்மேற்குக் காற்றுக்கு அவருடைய ஊரில் அதுதான் பெயர். பின்னால் வெண்ணிறக் களிமண் முகடுகள் சிறிதாகிக்கொண்டே போயின. இருட்டப் போகிறது, திரும்புவோமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம் என்று சொல்லி, அவர் பாயை அண்ணாந்து பார்த்தார்.