வரிச்சியைப் பார்த்திருந்த பதினான்கு நாட்கள்

கார்த்திகையில் வாடைக் காற்று கிளம்பினால் திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கடல் ஆறும்வரை அவற்றின் அடிதான் நாய்களுக்கு வீடு. நான்காம் ஆண்டு படிக்கும் என் மகன் டியூஷன் முடிந்து கரையோரமாக வந்தபோது, ஒரு வள்ளத்தின் அடியில் முனகல் கேட்டுக் குனிந்திருக்கிறான். கண் திறந்து சில நாட்களே ஆன நான்கு குட்டிகள். கையை நீட்டுவதற்குள் தாய் நாய் பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

படலையைத் தள்ளிக்கொண்டு அவன் ஓடி வந்தபோது நான் இரவுக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். காலில் நான்கு பல் தடங்கள். இரண்டு மேலோட்டம், இரண்டு ஆழம். மாமி கோப்பித்தூள் பேணியோடு விரைந்து வந்தார். காயத்தில் அதை அப்பினால் இரத்தம் நிற்கும் என்பது அவருடைய காலத்துக் கைவைத்தியம். "வேண்டாம் மாமி, கிணற்றடிக்கு வாருங்கள், தண்ணீர் ஊற்றுங்கள்" என்றேன். நான் சவர்க்காரத்தை நுரைக்க நுரைக்கத் தேய்க்க, அவர் வாளி வாளியாக ஊற்ற, பதினைந்து நிமிடம் கழுவினோம். பிள்ளை வீறிட்டு அழுதான். நான் விடவில்லை. விசர் நோயின், அதாவது ரேபிஸின், கிருமி நாயின் எச்சிலில் இருப்பது. அது நரம்பைப் பிடிக்கும்முன் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் அதில் பெரும்பகுதியைக் காயத்திலேயே அழித்துவிடும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு அல்ல. சாம்பல்தீவில் நான் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வளவில் ஒருவரை நாய்க்குட்டி கீறியது. குட்டிதானே என்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சில வாரங்கள் கழித்துத் தண்ணீர் கேட்டார். அவருடைய மனைவி செம்பை நீட்டினார். செம்பு உதட்டருகே போனதும் அவருடைய தொண்டை இறுகி உடம்பு முழுவதும் உதறியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு நாளில் போய்விட்டார். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோய்க்கு மருந்தில்லை. அந்தச் செம்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆட்டோ பிடித்து அரசாங்க வைத்தியசாலைக்குப் போனோம். ஆழமான காயங்கள் ஒன்றுக்கு மேல் இருந்ததால் வைத்தியர் இதைப் பாரதூரமான கடி என்றார். முன்கையில் சிறு ஊசி ஒன்றைப் போட்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காயத்தைச் சுற்றிச் சீரம் ஏற்றினார்கள். தடுப்பூசி போட்டபின் உடல் தன் எதிர்ப்பை உருவாக்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை காவல் நிற்பது இந்தச் சீரம். பிறகு இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் தடுப்பூசி. கடித்த அன்று, அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று அட்டையில் எழுதித் தந்தார்கள். காயத்துக்குத் தையல் போடவில்லை. அன்றிரவு விடுதியில் வைத்துக்கொண்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று மாமி வழியெல்லாம் கலங்கிக்கொண்டு வந்தார். அது பழைய தடுப்பூசியின் காலம். இப்போது அப்படி இல்லை.

பதினான்கு என்ற எண் வேறு வழியாக வந்து சேர்ந்தது. "கடித்த நாயைத் தெரியுமா? எங்கே இருக்கிறது?" என்று வைத்தியர் கேட்டார். தெரியும் என்றேன். "அதைப் பதினான்கு நாள் கண்ணில் வைத்திருங்கள். அடிக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம்" என்றார். நாயின் எச்சிலில் கிருமி இறங்குவது, நோய் அதன் உடம்பில் வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான். அப்படிப்பட்ட நாய் பத்து நாளுக்குள் இறந்துவிடும். பதினான்காம் நாளும் உண்டு குடித்து நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை. இடையில் செத்தால் தலையைப் பனிக்கட்டியில் பொதி செய்து கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். மூளையைப் பரிசோதித்துச் சொல்வார்கள். நாய் காணாமல் போனால் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வசனம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் வீட்டுக்கு வந்தால் ஒழுங்கை முழுவதும் கூடி நிற்கிறது. எதிர்வீட்டுத் தம்பி சாக்கோடும் ஆட்டோவோடும் ஆயத்தமாக இருந்தார். "அக்கா, இரவோடிரவாகக் கன்னியாப் பக்கம் விட்டுவிட்டு வருகிறேன்" என்றார். கோட்டைப் பக்கம் விடலாம் என்றார் இன்னொருவர். பாணுக்குள் மருந்து வைத்தால் முடிந்தது என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். எல்லோருக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடிய டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு தடி கொடுத்து அனுப்பும் ஒழுங்கை இது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் படலையில் நின்று சொன்னேன்: "அந்த நாய் போனால் என் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று சொல்ல யாரும் இல்லை. பதினான்கு நாள் எனக்குத் தாருங்கள்." கோட்டைப் பக்கம் விடுவது பற்றியும் சொன்னேன். பிரெடரிக் கோட்டையின் புள்ளிமான்கள் நகரத்துக்குள்ளும் உலாவுவது திருகோணமலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சென்ற வருடம் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மான்குட்டியை மூன்று நாய்கள் மடக்கியதைப் பார்த்தேன். பின்னங்கால் சதை தொங்கியது. அது கத்தவுமில்லை, கண்ணை மட்டும் விரித்துக்கொண்டு நின்றது. நம் ஒழுங்கையின் தொல்லையை அந்த மான்களின் தலையில் கொண்டுபோய்க் கட்டுவதா? எதிர்வீட்டுத் தம்பி சாக்கைச் சுருட்டி ஆட்டோவின் இருக்கைக்கு அடியில் வைத்தார். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. தவணைதான் கிடைத்தது என்று விளங்கியது.

உடம்பு முழுவதும் கபிலத்தில் கறுப்பு வரி ஓடிய நாய் அது. மகன்தான் வரிச்சி என்று பெயர் வைத்தான், தன்னைக் கடித்த நாய்க்கு. தினமும் விடிய ஐந்தே முக்காலுக்குச் சோறும் மீன் தலையும் கொண்டுபோய்ப் பத்தடி தள்ளி வைப்பேன். சிரட்டையில் தண்ணீர். வைத்துவிட்டுத் தூர நின்று பார்ப்பேன். மகனின் பழைய கொப்பியில் நான்கு பத்தி கோடு போட்டிருந்தேன்: தின்றதா, விழுங்கியதா, குரல், நடை. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லித்தந்த பத்திகள் அவை. தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதருக்கு வரும் அறிகுறி. நாயில் பார்க்க வேண்டியவை வேறு: தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது, குரைப்பு கரகரக்கும், கல்லையும் தடியையும் கடிக்கும், பின்கால் தள்ளாடும்.

அந்தப் பரிசோதகரிடம் நான் ஒரு மணி நேரம் பேசினேன். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது பேர் அளவில் வந்திருக்கிறது. நாய்களைக் கொன்றதால் வந்த குறைவா என்று கேட்டேன். இல்லை என்றார். கொல்வதற்கு 1893ஆம் ஆண்டிலிருந்தே ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் இருந்தது, பல்லாண்டுகள் கொன்றும் பார்த்தார்கள். 2006இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. எண்ணிக்கையை இறக்கியது நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும் மனிதருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஊசியும்தான். பத்து நாய்களில் ஏழுக்குத் தடுப்பூசி ஏறியிருந்தால் நோய் அந்த ஊரில் பரவ வழியில்லாமல் அடங்கிவிடும். ஊசி போட்ட நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத இன்னொன்று வரும். மீன் குடல் கரையில் கிடக்கும்வரை இடம் காலியாக இருக்காது.

மூன்றாம் நாள் ஊசி போட்டு வந்தோம். ஐந்தாம் நாள் வரை கொப்பியில் நான்கு பத்தியிலும் சரி.

ஆறாம் நாள் விடிய வள்ளத்தின் அடியில் ஒன்றும் இல்லை. இரவு முழுவதும் மழை. அலை வள்ளத்தடிவரை ஏறி மணலை அரித்திருந்தது. சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆட்டோ இருக்கைக்கு அடியில் இருந்த சாக்கு. அடுத்து, அந்தச் செம்பு. மழையில் நனைந்தபடி ஒவ்வொரு வள்ளமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். பின்னால் யாரோ வரும் சத்தம். எதிர்வீட்டுத் தம்பிதான். "நான் எடுக்கவில்லை அக்கா, என் பிள்ளைகள் ஆணை" என்றார். முகத்தைப் பார்த்தேன், நம்பினேன். இருவரும் தேடினோம். மீன்வாடியில் கரைவலை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் அவர்தான் கண்டார். நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுவந்து, காய்ந்த வலையின் மேல் கிடத்தி, அவற்றைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது. உடம்பு நடுங்கியது. மழைக் குளிரா, நோயா?

சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். எழுந்து வரவில்லை. இன்னும் கிட்டத் தள்ளினேன். தலையை நீட்டி மோந்தது. பிறகு நாக்கு தண்ணீரில் இறங்கியது. சளக், சளக் என்று ஒரே சீராக, சிரட்டை காயும்வரை குடித்தது. ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்கும்போது கழுத்துத் தோல் அசைவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் குந்தியிருந்து, "விழுங்குகிறது அக்கா" என்றார். அன்று கொப்பியில் அவர்தான் எழுதினார். அதன்பின் மாலை முறை அவருடையதாயிற்று. சாக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. அதைக் குட்டிகளுக்கு விரித்திருந்ததை மறுநாள் பார்த்தேன்.

பதினான்காம் நாள் வரிச்சி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, என்னைக் கண்டு உறுமியது. குரலில் கரகரப்பு இல்லை. கொப்பியை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுவதையும் வாசித்தார். இனி அச்சம் வேண்டாம் என்றார். ஆனாலும் முப்பதாம் நாள் ஊசியையும் போட்டு முடிக்கச் சொன்னார், முடித்தோம். பின்னொரு நாள் கடி வந்தாலும் பிள்ளையின் உடம்பு விரைவாக எதிர்த்து நிற்கும் என்பது அவருடைய விளக்கம்.

பிள்ளையின் காரியம் முடிந்தது. நாய்களின் காரியம் முடியவில்லை. வரிச்சிக்குக் கருத்தடை செய்யாவிட்டால் ஆறேழு மாதத்தில் இன்னொரு ஈற்று, இன்னொரு வள்ளத்தடி, இன்னொரு பிள்ளையின் கால். உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாகனம் இல்லை, அடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே, கட்டாக்காலிகள் தங்கள் பொறுப்பில் வராது என்று முதல் அலுவலகத்துக்கே திருப்பினார்கள். மூன்று தடவை நடந்தேன். யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. அது உண்மையும் அல்ல. எங்கள் ஒழுங்கையில் திரியும் ஒன்பது நாய்களையும் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் சோறு போடும் ஒரு குசினிக் கதவு இருக்கிறது. சோறு போடுகிறோம், கட்டுவதில்லை, ஊசி போடுவதில்லை, குட்டி போட்டால் பெட்டைகளைப் பெட்டியில் வைத்துச் சந்தைப் பக்கம் விட்டுவிடுகிறோம். கட்டாக்காலி என்று நாயைச் சொல்கிறோம், கட்டாதவர் நாம்.

இதைத்தான் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பதினொரு வீட்டார் காசு போட்டார்கள். விசர்நாய்த் தடுப்பூசிக்குக் காசு தேவைப்படவில்லை. சுகாதாரத் துறையினர் வரும் நாளைப் பரிசோதகரே கேட்டுச் சொன்னார். ஆறு நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கோயில் மதிலடியில் வரிசையில் நின்றோம். குட்டிகளுக்கும் போட்டார்கள்.

கருத்தடைக்குக் குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுத்தோம். முந்தின இரவிலிருந்து பட்டினி போட வேண்டும் என்றார் மிருக வைத்தியர். அந்த இரவு வரிச்சி என் குசினி வாசலில் நின்று பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். பிடிப்பதற்கு, கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா பழைய கரைவலைத் துண்டு ஒன்றைத் தந்தார். அவருடைய ஆட்கள் வலையைத் தாழப் பிடித்து இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்தார்கள், மீனை வளைப்பது போலவே, சத்தமில்லாமல். நாய்க்கு ஒரு கீறலும் இல்லை. மீன் பெட்டியில் படுக்கவைத்து, எதிர்வீட்டுத் தம்பியின் ஆட்டோவில் கொண்டுபோனோம். மாலையில் திரும்பி வந்தபோது அடிவயிற்றில் விரலளவு தையல், இடது காது நுனியில் அடையாள வெட்டு. மழைக் காலமாகையால் தையல் நனையாமல் இருக்க ஏழு நாள் எங்கள் விறகுக் கொட்டிலில் வைத்திருந்தேன். இரண்டாம் இரவிலிருந்து மாமிதான் போய்ச் சாக்கை மாற்றிப் போட்டார்.

மகன் இப்போதும் வரிச்சிக்குக் கிட்டப் போவதில்லை. நானும் போகச் சொல்லவில்லை. படலைக்கு உள்ளே நின்றுதான் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அது வாலை ஆட்டும்.

ஒன்பதில் ஆறுக்கு ஊசி ஏறியிருக்கிறது. பெட்டை நாய்கள் மூன்றில் இரண்டுக்குக் கருத்தடை முடிந்தது. மிச்சம் இருக்கும் வெள்ளைப் பெட்டை மனிதரைக் கண்டாலே கற்பாறைப் பக்கம் ஓடிவிடுகிறது. வயிறும் கொஞ்சம் இறங்கினாற்போல் தெரிகிறது. சனிக்கிழமை விடிய, கடல் இரைச்சல் குறைவாக இருந்தால், சம்மாட்டி ஐயா வலையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.