அகதி என்ற சொல்

1994 முதல் ஆறு வருடம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு லோயரின் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அகதிக் கோரிக்கைக்கு வருபவர்கள் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. எந்த முகாம், எந்தச் சோதனைச் சாவடி, எத்தனையாம் தேதி. ஒரு தேதி பிசகினாலும் விசாரணையில் பிடிபடும். கேஸ் வென்றால் பலகாரத்தோடு வருவார்கள். ஒருநாள் ஒரு அம்மா ஒரு டின் நிறையப் பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அழுதார்.

ஹரி ஆனந்தசங்கரி இன்று பெரிய அமைச்சர். ஆனால் அவர் பெயரைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது 2024 ஜூலைதான்.

அவருடைய அப்பா வீ. ஆனந்தசங்கரி எங்கள் கிளிநொச்சியின் எம்.பி.யாக இருந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு, தனிநாடு கேட்பதைத் தடைசெய்து வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்துக்குச் சத்தியம் எடுக்க மறுத்து, அவருடைய கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர்கள் ஆசனங்களை இழந்தார்கள். மகன் பத்து வயதில் அகதியாகக் கனடா வந்ததும் அதே வருடம். தகப்பன் பெயரால் வந்த பதவி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புலிகளை வெளிப்படையாக எதிர்த்தவரின் பெயர் ஸ்காபரோவில் எத்தனை வீட்டுக் கதவைத் திறக்கும்? மகனுக்கு முதலில் இளைஞர் அமைப்பு வேலை, அப்புறம் ஒஸ்கூட் ஹோலில் சட்டப் படிப்பு. அதை முடிக்கும்போதே முப்பது தாண்டிவிட்டது. 2015இல் லிபரல் கட்சியில் நின்று ஸ்காபரோ-ரூஜ் பார்க் தொகுதியை வென்றார்.

2023இல் அவருக்குக் கிடைத்த அமைச்சு, அரச முடிக்கும், அதாவது கனடா அரசுக்கும், பூர்வகுடிகளுக்கும் இடையிலான உறவுகளைக் கவனிப்பது. (இதைத் தமிழில் சொல்ல இப்போதும் திணறுகிறேன்.) நேற்று வந்த எங்களில் ஒருவரிடம் இதையா கொடுத்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஜூலையில் அவர் கனடா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார், மனிடோபாவிலும் சஸ்காட்சுவானிலும் இருக்கும் ஒன்பது டகோட்டா, லக்கோட்டா சமூகங்களிடம். அவர்களை அமெரிக்காவிலிருந்து ஓடிவந்த அகதிகள் என்று நூறு வருடத்துக்கு மேலாக எழுதிவைத்திருந்தது அரசு. அயல் சமூகங்களோடு செய்த ஒப்பந்தங்களிலும் சேர்க்கவில்லை. அவர்களுடைய நிலமோ எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடந்தது. கோடுதான் பிறகு வந்தது.

செய்தியை என் மனிசனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அவையளும் எங்களை மாதிரி லைனில நிண்டவையோ?"

"இல்லையப்பா. அவை அந்த லைனில நிக்கவே தேவையில்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பெடியன் எப்பிடிக் கதைச்சவன், திரும்ப ஒருக்கா போடு என்றார்.