வாய் மூடிய புகைப்படம்

இந்தச் சிறப்பு மலரைத் தயாரிக்கும் குழுவினர் பழைய படங்கள் கேட்டபோது, எங்கள் எட்டாம் வகுப்புக் குழுப் படத்தை அபுதாபியிலிருந்து அனுப்பிவைத்தேன். அதில் ஒருவர்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லையே, அவ்வளவு கண்டிப்பான பள்ளியா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். கண்டிப்பு காரணமன்று, எங்களில் பெரும்பாலோருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பகுதி, பாலக்காட்டில் மழை குறைந்த ஓரம். கிணறு வற்ற வற்றத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் ‘போர்’, போட்டார்கள். பாறையிலிருந்து கரையும், பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு என்னும் உப்பு அந்த ஆழத்து நீரில் மிகுதி என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

சுகாதாரப் பாடம் என்று வாரத்துக்கு ஒரு பீரியட் இருந்தது. நகம் வெட்டு, பல் விளக்கு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பதை ஒப்பிப்பதோடு அது முடிந்துவிடும். பாடம் நடத்தியவர் எங்களை வரிசையில் நிறுத்தி ஈயென்று காட்டச் சொல்லி, கறைப் பல்காரர்களை ‘பல் விளக்காத கூட்டம்’ என்று தனியே நிறுத்துவார். நான் உமிக்கரியைப் போட்டு ஈறில் ரத்தம் வரத் தேய்த்திருக்கிறேன். அம்மாவும் பாடத்தை மதித்துப் போர்த் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினார்; காய்ச்சினால் கிருமி சாகுமே ஒழிய ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

மறு ஆண்டு வந்த டீச்சர் எங்கள் வாயைப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் போர் என்றும் மறுபக்கம் திறந்த கிணறு என்றும் எழுதி, எங்களையே எழுந்துபோய்ப் பெயரெழுதச் சொன்னார். எழுதி முடித்தபோது, கறை உள்ளவர்களில் மூன்று நான்கு பேர் தவிர எல்லோரும் போர்ப் பக்கம் இருந்தோம். வகுப்பில் சத்தமே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், “அப்ப, தேய்க்காததால இல்லைங்களா டீச்சர்?” என்றான்.

இல்லை என்று சொல்லிவிட்டு அவர் விளக்கியது எனக்கு இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குழந்தை குடித்து வளர்ந்தால், ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும்போதே அதன் எனாமல் என்ற மேற்பூச்சு கெடுகிறது. ஏறத்தாழ எட்டு வயதுக்குள் அது முடிந்துவிடுவதால், எங்கள் கறையைத் தேய்த்துப் போக்க முடியாது. “உங்க வீட்டுல கைக்குழந்தை இருந்தா, அதுக்கு என்ன தண்ணி குடுக்கறீங்கன்னு பாருங்க” என்றார். அடுத்த கிழமை புளிய மரத்தடியில் தாய்மார்களைக் கூட்டி, போர்த் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும், குடிக்கவும் சமைக்கவும் கிணற்று நீரோ மழை நீரோ எடுங்கள் என்று சொல்லி, சாப்பாட்டில் சேர்க்க வேண்டிய ராகி, பால், நெல்லிக்காய் பற்றியும் பேசினார்.

1978இல் அல்மா-ஆட்டாவில் (இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி) நடந்த பன்னாட்டுச் சுகாதார மாநாடு வெளியிட்ட பிரகடனம், ஆரம்ப சுகாதாரப் பணியின் கூறுகளைப் பட்டியலிடுகையில், அந்தந்த இடத்தில் நிலவும் உடல்நலச் சிக்கல்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் பற்றிய கல்வியை முதலில் வைத்திருக்கிறது. ‘நிலவும்’ என்ற சொல்லைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தக் கரும்பலகைதான் கண்முன் வந்தது. நகமும் பல்துலக்கலும் எல்லா ஊருக்கும் பொது. எங்கள் ஊருக்கென்று ஒரு பாடம் இருந்தது, அதை யாரோ ஒருவர் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கடன் வாங்கிப் போட்ட போர் அது. “கண்ணாடி மாதிரி தண்ணி, அதப் போயி நோவுங்கறாங்க” என்று பல நாள் முணுமுணுத்தார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. விடியலில் அரைக் கிலோமீட்டர் நடந்து, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து அடுப்படியில் தனியே மூடி வைப்பார். அப்போது தங்கைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

அவளுடைய கல்யாணப் படங்களில் அவள் வாய் மூடியிருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நான் வழக்கம்போல் உதட்டை இறுக்கி நிற்கிறேன்.