அக்டோபர் 2023: பிரேக் வேலை, மழை, ஒரு வழக்கு

7 அக்டோபர், சனி

காலையில் பால் வாங்கப் போகும்போதே காரின் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. திரும்பி வந்து பார்த்தால் பின்பக்க இடது டயரின் உள்புறம் முழுக்கப் பிசுபிசுப்பு. பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. ஆயுத பூஜை நெருங்குவதால் சேலையூரில் எந்த மெக்கானிக்கிடமும் இடமில்லை. அப்பாவின் மாருதி 800, அவருடைய ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி எல்லாம் இருக்கின்றன. நானே செய்துவிடுவேன். பகல் முழுக்க மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்று மணிக்குக் கருத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது.

11 அக்டோபர், புதன்

வார நாளில் எழுதுவதில்லை. ஆனால் இந்தக் கருக்கலைப்பு வழக்கு மனதை விட்டுப் போகவில்லை. 27 வயதுப் பெண், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனநலம் குலைந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராததை அவர் சந்தேகப்படவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தபோது சட்டத்தின் 24 வார வரம்பு தாண்டிவிட்டது. திங்களன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கருக்கலைப்புக்கு அனுமதித்தார்கள். மறுநாளே ஒன்றிய அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. இன்று அதே இருவரும் ஆளுக்கொரு பக்கம். இந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நீதிபதி நாகரத்னா. நீதிபதி ஹிமா கோஹ்லிக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று பேர் அமர்வுக்குப் போகிறது. அதுவரை அவர் வயிற்றில் வாரம் நிற்குமா?

14 அக்டோபர், சனி, மகாளய அமாவாசை

அம்மா படையல் முடித்த கையோடு வண்டியைத் தூக்கிவிட்டேன். டிரம் துருவேறி ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டியதில் ஒருவழியாகக் கழன்றது. உள்ளே ஷூ இரண்டிலும் ஆயில் ஊறிப் பளபளத்தது. இனி தேய்த்தாலும் கழுவினாலும் பிடிமானம் வராது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பைப் நட்டைக் கழற்றிய நேரம் பார்த்துத் தூறல். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும், மழைத்தண்ணீர் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். பைப் முனையில், காற்றை வெளியேற்றும் நிப்பிளின் ரப்பர் மூடியைச் செருகி, பாலிதீன் கவரைச் சுற்றிக் கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டு உள்ளே ஓடி வந்தேன்.

அம்மாவிடம் அந்த வழக்கைச் சொன்னேன். "எங்க ஊர்ல எருக்கங்குச்சி வெச்சு கலைக்கப் போய் செத்தவளுங்க ரெண்டு பேர எனக்கே தெரியும்டி. ஜுரம்னுதான் வெளிய சொன்னாங்க" என்றாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் அது. அந்தச் சாவுகளைத் தடுக்கத்தான் 1964-ல் சாந்திலால் ஷா குழு அமைத்தார்கள், 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அம்மாவுக்குச் சட்டம் நினைவில்லை. சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்பதும்தான் நினைவிருக்கின்றன. அதுவும் சரிதான். பிள்ளை எண்ணிக்கையைக் குறைக்க நினைத்த அரசுக்கும் அந்தச் சட்டம் தோதாக இருந்தது. பெண்ணின் உரிமை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம், செய்தால் அவர்மேல் வழக்கு வராது, அவ்வளவுதான்.

15 அக்டோபர், ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. வண்டி கல்மேல் நிற்கிறது.

எங்கள் பள்ளியில் வேலை செய்யும் ஒரு தோழிக்குப் போன வருடம் நாள் தள்ளிப்போய் ஒன்பதாவது வாரம். ஒரு தனியார் மருத்துவமனையில் கணவர் கையெழுத்து இல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். கணவர் வெளிநாட்டில். 18 வயது நிரம்பிய, மனநலத்தோடு இருக்கும் பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், படிவம் சி-யில் அவள் கையெழுத்துதான். சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம்வரை வழிவிட்ட அதே தீர்ப்பில். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் எந்தப் பெண் தீர்ப்பை வாதாடுவாள்?

கருக்கலைப்பை எளிதாக்கினால் பெண் கருவைக் கலைத்துவிடுவார்களே என்று பெண்சிசுவுக்காகக் கவலைப்படுகிறவர்கள் கேட்பது எனக்கும் புரிகிறது. வேண்டாம் என்கிற பெண்குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டம் வந்தது. அது வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் பயத்தை வைத்துக்கொண்டு, ஒன்பது வாரத்தில் வருகிறவளையும் குற்றவாளி மாதிரி நடத்துவது அநியாயம். அந்த வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்றே தெரியாது.

16 அக்டோபர், திங்கள்

அந்தப் பெண்ணுக்கு மூன்று நீதிபதிகளும் மறுத்துவிட்டார்கள். 26 வாரம் 5 நாள். கருவில் பெரிய குறைபாடு இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆகவே சட்டத்தில் இடமில்லை. எய்ம்ஸில் பிரசவம், செலவு அரசுடையது, விரும்பினால் தத்துக் கொடுக்கலாம்.

சட்டத்தின் எழுத்துப்படி சரியாக இருக்கலாம். எனக்கு ஆறவில்லை. கருவில் பெரிய குறை என்றால் வரம்பே இல்லை, மருத்துவக் குழு சொன்னால் போதும். தாயின் மனம் உடைந்திருந்தால் 24-ல் கதவு மூடிவிடுகிறது. பிறக்கப்போகும் உடலின் குறைக்கு இருக்கிற இரக்கம், சுமக்கிறவளின் நோய்க்கு இல்லை. 24 தாண்டினால் எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. 26 வாரக் கரு வெளியே வந்தால் பிழைக்கவும் கூடும், அந்த நீதிபதிகள் தயங்கியதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலை முழுவதையும் அவர் ஒருவரே கட்டுகிறார்.

22 அக்டோபர், ஞாயிறு

வடகிழக்குப் பருவமழை நேற்றே தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். பார்த்தால் காலையில் பளிச்சென்று வெயில். ஓடிப்போய்ப் புது சிலிண்டரைப் பூட்டி, ஷூ மாற்றி, டாட் 3 ஆயில் ஊற்றினேன். பைப்பில் புகுந்த ஏரை எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"மிதிம்மா. இன்னும். அழுத்திப் பிடி." நிப்பிளைத் திறந்தால் டியூபில் குமிழ் குமிழாக வந்தது. "விட்டுறவா?" "இரு இரு, மூடிட்டுச் சொல்றேன்." குமிழ் நின்று ஆயில் ஒரே கோடாக வந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. கேம்ப் ரோடு வரை ஓட்டிப் பார்த்தோம். இழுக்காமல் நேராக நிற்கிறது.

சாயங்காலம் உட்கார்ந்து, தமிழில் ஒரு பக்கம் எழுதினேன்: 20 வாரம்வரை ஒரு டாக்டர் போதும், 24 வரை யார் யாருக்கு, இரண்டு டாக்டர், கணவர், மாமியார், அப்பா யார் கையெழுத்தும் தேவையில்லை, பெயரை வெளியில் சொன்னால் சொன்னவர்மேல் வழக்குப் போடலாம், 18-க்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதம். நாளை பூஜை விடுமுறை. பள்ளி திறந்ததும் எங்கள் ஓய்வறைச் சுவரில் ஒட்டிவிடுவேன். தலைமை ஆசிரியை கிழிக்கச் சொன்னால், நகல் எடுத்துக் கையில் கொடுப்பேன்.